ஐந்தாவது பெயர்

இன்று இரவு பன்னிரண்டுக்குள்
விருப்பப் பாடம் இரண்டு சொல்லிவிட வேண்டும்.
சொல்லாதவர்களுக்குக் கல்லூரியே ஒன்றை ஒதுக்கும்,
ஏலம் போகாத சூடையைக்
கருவாட்டுக்கு ஒதுக்குவதுபோல.

பாம்பனில் கரண்ட் இல்லை.
சோழகம் எழும்பி மூன்று நாளாகிறது.
வீட்டுக்குள் சிக்னல் எட்டாது என்று
தெற்குவாடிப் பாலத்து நுனியில்
கவிழ்த்துப் போட்ட வத்தையின்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.
கைப்பேசியில் பதினெட்டு விழுக்காடு.

பட்டியல் நீளம்.
வரலாற்றுத் துறை ஒன்று தருகிறது,
சமூகவியல் மூன்று,
பொருளியலில் சிறுகடன் பற்றி ஒரு தாள்
(எங்கள் தெருவில் அதற்குத்
திங்கள்தோறும் வகுப்பு நடக்கிறது,
வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு).
ஒப்பிலக்கியத்துக்கும்
அகதிகளும் எல்லைகளும் என்ற தாளுக்கும்
ஒரே வியாழன், ஒரே பத்து மணி.
ஒன்றைத் தொட்டால் மற்றது சாம்பலாகிறது.

மண்டபம் முகாமிலிருந்து வரும் தர்மினி
யோசிக்கவே இல்லை. ஒப்பிலக்கியம்.
"அகதிகள் எடுக்கலையா?" என்றேன்.
"அது எனக்குக் கட்டாயப் பாடம்" என்றாள்.
சிரித்தோம்.
பஸ் உச்சிப்புளி தாண்டும்வரை
பிறகு ஒன்றும் பேசவில்லை.

எனக்கு யோசனை சொன்னவர்
துறை அலுவலகத்தில் இருந்தார்.
ஊர்ப் பெயரைப் பார்த்தார்,
அப்பா தொழிலைப் பார்த்தார்.
"கடலோர மானுடவியல் எடும்மா, ஜெனோவா.
உனக்கு ஈசி."

அந்தப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறேன்.
அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒரு பெண்,
கண்ணாடி மாட்டி, விரலெல்லாம் துணி சுற்றி,
இடுப்பளவு நீரில்.
படத்தின் கீழே: பாசி எடுக்கும் பெண்.
அது சின்னப்பாலம் அமலோற்பவம்.
அன்று அவளுக்குக் காய்ச்சல்,
இறங்காதே என்றதற்கு
என் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு இறங்கினாள்.
பாடத்தில் அது இல்லை.
பரீட்சையில் கேட்பார்கள்:
பாசி எடுக்கும் பெண்களின் பிரச்சினைகள் யாவை? ஐந்து மதிப்பெண்.
நான் காய்ச்சலை எழுதினால்
ஒன்றரை போடுவார்கள்.

ஈசி இல்லை சார்.

விரல் கீழே கீழே தள்ளிக்கொண்டு போகிறது.
கடைசிக்கு முந்தைய வரி:
தர்க்கவியல் அறிமுகம்.
பதிவு நான்கு. ஐந்துக்குக் குறைந்தால் வகுப்பு ரத்து.
நாலு பேர் யார் என்று தட்டினேன்.
பெரியபட்டினத்து நூருல் ஹிதாயா.
சாயல்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பூப்பாண்டி.
மற்ற இருவரைத் தெரியாது.
அவர்களும் இந்நேரம் எங்கோ
ஐந்தாவது பெயருக்குப் பார்த்திருப்பார்கள்.

மாதிரிக் கேள்வி ஒன்று வைத்திருந்தார்கள்:
எல்லாப் படகுகளும் கரை திரும்பும்.
இது ஒரு படகு.
ஆகவே?

அண்ணன் போன படகு மயிலிட்டியில் கட்டிக் கிடக்கிறது,
பதினாலு மாதமாக.
அண்ணன் திரும்பிவிட்டான், விமானத்தில்,
வேறு யாரோ கொடுத்த சட்டையில்.
ஆகவே என்பது தப்பில்லை.
தப்பு முதல் வரியில்.
அதை யார் அங்கே எழுதியது
என்று கேட்க ஒரு பாடம் இருக்குமானால்
எனக்கு அது வேண்டும்.

அம்மா டார்ச்சோடு தேடி வந்தாள்.
"இன்னும் முடியலையா? அதுல என்னதான் படிப்பாங்க?"
ஒருவர் சொல்வது சரியா தப்பா என்று
கண்டுபிடிப்பது, என்றேன்.
"அதுக்கா காலேஜு?
காலையில எடை போடுற இடத்துல வந்து நில்லு."
மணலை உதறிக்கொண்டு வத்தையில் ஏறி
பக்கத்தில் உட்கார்ந்தாள்.
உப்புக் காய்ந்த கையால்
திரையின் வெளிச்சத்தைக் காற்றுக்கு மறைப்பதுபோல் மறைத்தாள்,
மெழுகுவத்தி என்று நினைத்தாளோ என்னவோ.

அழுத்தினேன்.
சக்கரம் சுற்றியது. நின்றது. திரும்பச் சுற்றியது.
நான்கு ஐந்தானது.

இரண்டாவது கட்டம் காலியாக இருக்கிறது.
மணி பதினொன்று நாற்பது.
ஒன்பது விழுக்காடு.